சர்க்கரை ஏறினாலும் ஆபத்து, இறங்கினாலும் ஆபத்து!

"சர்க்கரை வியாதி" என்றதும் நம் மனத்தில் தோன்றுவது என்ன? ரத்தத்தில் சர்க்கரை ஏறிவிட்டது என்பதுதான்.

அது உண்மை. ஆனால் பாதி உண்மை.

இந்த நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்களுக்குச் சர்க்கரை ஏறவும் செய்யும், இறங்கவும் செய்யும். ஏறினால், ஆளைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும். அதற்கு ஆண்டுகள் ஆகும். அளவுக்கு மீறி இறங்கினாலோ, சில நிமிஷங்களில் ஆளைக் கீழே சாய்த்துவிடும்.

ஏறுவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். "இனிப்பைத் தொடாதே", "சோற்றைக் குறை", "தினமும் நட" என்று அண்டை வீட்டார்கூட யோசனை சொல்லுகிறார்கள். இறங்குவதைப் பற்றிப் பல வீடுகளில் பேச்சே இல்லை.

இந்தப் பேச்சு இப்போது ஏன் அவசியம்? காரணம் இருக்கிறது.

ஏழு பேரில் ஒருவர்

சென்னையில் உள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிலையம் ஒன்றும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சேர்ந்து நாடு முழுவதும் ஒரு பெரிய கணக்கெடுப்பு நடத்தின. அதன் முடிவு 2023-ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளியாயிற்று.

இந்தியாவில் சர்க்கரை வியாதி உள்ளவர்கள் 10 கோடியே 10 லட்சம் பேர். அந்த வியாதியின் வாசற்படியில் நிற்கிறவர்கள் 13 கோடியே 60 லட்சம் பேர். தமிழ்நாட்டில், 20 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 100-க்கு 14 பேருக்கு இந்த நோய் இருக்கிறது. ஏறத்தாழ ஏழு பேருக்கு ஒருவர்! புதுச்சேரியிலும் கேரளத்திலும் இதைவிட அதிகம். அங்கே நாலு பேருக்கு ஒருவர்.

இவ்வளவு பேரும் ஆஸ்பத்திரி வாசலில் காத்துக் கிடக்க முடியுமா? முடியாது. அதனால் வைத்தியமே வீட்டைத் தேடி வந்தது. 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ந் தேதி, கிருஷ்ணகிரி மாவட்டத்திலுள்ள சாமனப்பள்ளி கிராமத்தில், "மக்களைத் தேடி மருத்துவம்" என்ற திட்டம் தொடங்கப்பட்டது. சர்க்கரை வியாதிக்கும் ரத்தக் கொதிப்புக்கும் வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுக்கும் திட்டம் அது.

மாத்திரை வீட்டுக்கு வந்துவிட்டது. இன்சுலின் ஊசியும் பல வீடுகளில் இருக்கிறது. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரையைப் பார்க்கும் சிறு கருவியும் பல வீடுகளுக்கு வந்துவிட்டது.

ஆனால், மருந்து வந்த எல்லா வீட்டுக்கும் மருந்தைப் பற்றிய அறிவு வந்து சேர்ந்ததா? அதுதான் இன்றைய கேள்வி.

உடம்பு முழுவதிலும் ஒரு டீஸ்பூன்!

நம் உடம்பில் ஓடும் ரத்தம் சுமார் 5 லிட்டர். அதில் இருக்க வேண்டிய சர்க்கரை எவ்வளவு தெரியுமா? சுமார் 5 கிராம். ஒரு டீஸ்பூன் அளவுதான்!

இந்த ஒரு டீஸ்பூன் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அதைக் காப்பாற்றும் காவல்காரன், வயிற்றுக்குள் இரைப்பைக்குப் பின்னால் இருக்கும் கணையம். சாப்பிட்டதும் ரத்தத்தில் சர்க்கரை கூடும். உடனே கணையம் இன்சுலினைச் சுரக்கும். இன்சுலின், சர்க்கரையை ரத்தத்திலிருந்து தசைகளுக்குள்ளும் ஈரலுக்குள்ளும் அனுப்பும். பட்டினி கிடக்கும்போது, ஈரல் தன்னிடம் சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரையை எடுத்துக் கொடுக்கும். இப்படி வரவும் செலவும் சரிக்கட்டப்படும்.

சர்க்கரை வியாதியில் இந்தக் கணக்கு கெட்டுவிடுகிறது. சிலருக்கு இன்சுலின் அடியோடு சுரப்பதில்லை. குழந்தைகளுக்கு வருவது பெரும்பாலும் இந்த வகை. பலருக்கு இன்சுலின் சுரந்தும், அது சரியாக வேலை செய்வதில்லை. பெரியவர்களுக்கு வருவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை.

டாக்டர்கள் 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் எத்தனை மில்லிகிராம் சர்க்கரை என்று கணக்கிடுகிறார்கள். வெறும் வயிற்றில் 100-க்குள் இருந்தால் நல்லது. 100 முதல் 125 வரை எச்சரிக்கை. 126-ம் அதற்கு மேலும் சர்க்கரை வியாதி. நோய் இல்லை என்று நினைப்பவருக்கு இப்படி வந்தால், மறுபடியும் ஒரு முறை சோதித்து டாக்டர் உறுதி செய்வார்.

கீழ் எல்லை எது? 70. நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவருக்குச் சர்க்கரை 70-க்குக் கீழே போனால், அது "இறங்கிய சர்க்கரை". 54-க்குக் கீழே போனால் பெரிய ஆபத்து.

126 என்ற எண்ணைப் பலர் அறிவார்கள். 70 என்ற எண்ணை எத்தனை பேர் அறிவார்கள்?

ஏறினால் என்ன ஆகும்?

சர்க்கரை சுமார் 180-ஐத் தாண்டினால், சிறுநீரகம் அதை வெளியே தள்ளத் தொடங்கும். சர்க்கரையோடு தண்ணீரும் சேர்ந்து போகும். அதனால்தான் அடிக்கடி சிறுநீர். அதனால்தான் அடங்காத தாகம். உடம்பு இளைக்கும். அசதி தட்டும். பார்வை மங்கும். புண் ஆற நாளாகும்.

ஆண்டுக் கணக்கில் கவனிக்காமல் விட்டால் கண், சிறுநீரகம், இருதயம், கால் நரம்பு எல்லாம் கெடும்.

ஏறிய சர்க்கரை சில சமயம் அவசர ஆபத்தாகவும் மாறும். இன்சுலின் சுரக்காதவர்கள் ஊசியை நிறுத்தினால், ரத்தத்தில் ஒரு வகை அமிலம் சேரும். வாந்தி, வயிற்று வலி, ஆழ்ந்த வேகமான மூச்சு, மூச்சில் பழ வாசனை - இவை அதன் அடையாளங்கள். வயதானவர்களுக்குக் காய்ச்சலோ பேதியோ வந்தால், சர்க்கரை 600-க்கும் மேலே போய் உடம்பு வறண்டு, நினைவு தடுமாறும். இரண்டுக்கும் வீட்டு வைத்தியம் கிடையாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இறங்கினால் என்ன ஆகும்?

நம் மூளை, வேலை செய்வதற்குச் சர்க்கரையையே பெரிதும் நம்பியிருக்கிறது. ஆனால் அது தனக்கென்று சர்க்கரையைச் சேர்த்து வைப்பதில்லை. அன்றாடம் கூலி வாங்கி அன்றாடம் அரிசி வாங்கும் குடும்பத்தைப் போன்றது அது. ரத்தத்தில் வரவு நின்றால், மூளையில் அடுப்பு எரியாது.

சர்க்கரை இறங்கும்போது முதலில் உடம்பு எச்சரிக்கை மணி அடிக்கும். குப்பென்று வேர்க்கும். கை நடுங்கும். நெஞ்சு படபடக்கும். அகோரப் பசி எடுக்கும்.

அப்போதும் கவனிக்காவிட்டால் மூளை தடுமாறும். தலை சுற்றும். பார்வை மங்கும். பேச்சு குளறும். காரணம் இல்லாமல் கோபம் வரும். பிறகு மயக்கம், வலிப்பு. அதற்கும் மேலே போனால் உயிருக்கே ஆபத்து.

தூக்கத்தில் இறங்கினால் தெரிவது கடினம். கெட்ட கனவு, தலையணை நனையும்படி வேர்வை, காலையில் எழுந்ததும் தலைவலி - இவை இருந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

முயல் சொன்ன பாடம்

இறங்கும் சர்க்கரையின் கதை, இன்சுலினுடனேயே பிறந்த கதை.

1921-ஆம் ஆண்டு. கனடா நாட்டின் டொரான்டோ நகரம். பான்டிங் என்ற டாக்டரும், பெஸ்ட் என்ற மாணவரும் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிரித்தெடுக்க முயன்றார்கள். அவர்களோடு சேர்ந்த காலிப் என்ற விஞ்ஞானி, அதைச் சுத்தம் செய்து முயல்களுக்குப் போட்டுப் பார்த்தார். ஊசி வேலை செய்தது. ஆனால் சில முயல்கள் துடித்து விழுந்தன. அவற்றுக்குச் சர்க்கரைக் கரைசலைச் செலுத்தினார்கள். முயல்கள் எழுந்து உட்கார்ந்தன!

1922-ஆம் ஆண்டு ஜனவரியில், லெனார்டு தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதன்முதலாக இன்சுலின் போடப்பட்டது. பட்டினி வைத்தியத்தால் எலும்பும் தோலுமாகக் கிடந்த அந்தப் பையன் தேறினான். உலகம் வியந்தது.

உயிரைக் காக்கும் மருந்து அளவு மீறினால் கீழே தள்ளும் என்பதும், தள்ளியவரைச் சர்க்கரையே தூக்கி நிறுத்தும் என்பதும், ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டது. ஆனால் நூறு ஆண்டுகளுக்குப் பிறகும், இது எல்லா வீடுகளுக்கும் எட்டவில்லை.

கல்யாண வீட்டில் ஒரு காட்சி

ஒரு கல்யாண மண்டபத்தை நினைத்துக் கொள்ளுங்கள்.

பெண்ணின் பெரியப்பாவுக்குச் சர்க்கரை வியாதி. வழக்கம்போல் காலை ஏழு மணிக்கு மாத்திரை போட்டுக் கொண்டார். எட்டு மணிக்குச் சிற்றுண்டி என்றார்கள். முகூர்த்த வேலையில் அது தள்ளிப் போயிற்று. மணி ஒன்பதரை. பெரியப்பாவுக்கு வேர்த்துக் கொட்டுகிறது.

"என்ன அப்பா, இப்படி வேர்க்கிறதே?" என்கிறாள் மகள்.

"ஒன்றும் இல்லை அம்மா, புழுக்கம்" என்கிறார் அவர்.

சற்று நேரத்தில் அவர் பேச்சு குளறுகிறது. சமையற்காரர் மீது எரிந்து விழுகிறார். நடை தள்ளாடுகிறது.

"பெரியவர் காலையிலேயே போட்டுவிட்டாரோ?" என்று ஒருவர் இன்னொருவர் காதில் கிசுகிசுக்கிறார். "ராத்திரி தூக்கம் இல்லை, படுக்க வையுங்கள்" என்கிறார் மற்றொருவர்.

படுக்க வைத்து எல்லோரும் போய்விட்டால்? அதுதான் ஆபத்து!

இது கற்பனைக் காட்சி. ஆனால் மாத்திரை போட்டுவிட்டுப் பசியோடு காத்திருக்கும் பெரியவர்கள் இல்லாத கல்யாண வீடு உண்டா?

ஏன் இறங்குகிறது?

எல்லாச் சர்க்கரை மாத்திரையும் ஒரே மாதிரி அல்ல. மெட்ஃபார்மின் என்ற மாத்திரையை மட்டும் சாப்பிடுகிறவர்களுக்குச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்குவது அபூர்வம். கிளிபென்கிளமைடு, கிளிமெபிரைடு போன்ற மாத்திரைகள் கணையத்தைத் தட்டி எழுப்பி, இன்சுலினைச் சுரக்க வைப்பவை. சாப்பாடு வந்தாலும் வராவிட்டாலும் அவை தங்கள் வேலையைச் செய்யும். இன்சுலின் ஊசியும் அப்படியே.

ஆகவே, சர்க்கரை இறங்கப் பெரும்பாலும் காரணம் இவைதான்:

மருந்து போட்டுக் கொண்டு சாப்பிடாமல் இருப்பது, அல்லது நேரம் கழித்துச் சாப்பிடுவது.

வழக்கத்தைவிட அதிகமாக உழைப்பது. மலைக்குப் பாதயாத்திரை, கிரிவலம், வயலில் நாள் முழுவதும் வேலை எல்லாம் இதில் சேரும்.

டாக்டரைக் கேட்காமல் விரதம் இருப்பது. ஏகாதசியானாலும், ரமலான் நோன்பானாலும், தவக்காலமானாலும் மருந்துக்கு அது தெரியாது. முன்கூட்டியே டாக்டரிடம் சொன்னால் மருந்தின் அளவையும் நேரத்தையும் அவர் மாற்றித் தருவார். விரதம் கூடாது என்றால் அதையும் சொல்லுவார்.

போட்ட மாத்திரையை மறந்து இரண்டாம் முறை போடுவது.

வெறும் வயிற்றில் மது குடிப்பது. மது, ஈரல் சர்க்கரையைக் கொடுப்பதைத் தடுக்கும்.

சிறுநீரகம் பழுதாவது. அப்போது மருந்து உடம்பில் அதிக நேரம் தங்கிவிடும். பல ஆண்டுகள் ஒத்துக்கொண்ட அதே மாத்திரை, ஒரு நாள் திடீரென்று தள்ளிவிடும்.

உடனே என்ன செய்ய வேண்டும்?

நோயாளிக்கு நினைவு இருந்தால், விழுங்க முடிந்தால், மூன்று டீஸ்பூன் சர்க்கரையையோ குளுக்கோஸ் பொடியையோ தண்ணீரில் கரைத்து உடனே குடிக்கக் கொடுங்கள். அரை டம்ளர் பழரசமும் கொடுக்கலாம்.

லட்டும் மைசூர்ப்பாகும் வேண்டாம். அவற்றிலுள்ள நெய், சர்க்கரை ரத்தத்தில் சேருவதைத் தாமதப்படுத்தும். சாக்லேட்டும் அப்படித்தான்.

15 நிமிஷம் பொறுங்கள். சோதனைக் கருவி இருந்தால் மறுபடி பாருங்கள். 70-க்கு மேல் வரவில்லையா? அதே அளவு மறுபடி கொடுங்கள். தெளிந்ததும் இட்லியோ சோறோ சாப்பிடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் சர்க்கரை மறுபடியும் இறங்கும்.

முன்பு சொன்ன கணையத்தைத் தட்டி எழுப்பும் மாத்திரைகளால் இறங்கியிருந்தால், தெளிந்த பிறகும் பல மணி நேரத்துக்கு அபாயம் உண்டு. "சரியாகிவிட்டது" என்று விட்டுவிடக் கூடாது. ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

நினைவு இல்லை என்றால்? வாயில் எதையும் ஊற்றாதீர்கள்! சர்க்கரைத் தண்ணீர் மூச்சுக் குழாய்க்குள் போனால், அதுவே உயிருக்கு ஆபத்தாகும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். 108-க்குப் போன் செய்யுங்கள். "சர்க்கரை நோயாளி, மயங்கிவிட்டார்" என்று முதலிலேயே சொல்லுங்கள். இன்சுலின் ஊசி மட்டும் போடவே கூடாது.

ஏறியதா, இறங்கியதா - தெரியவில்லையே?

நல்ல கேள்வி. வீட்டில் கருவி இல்லை. பெரியவர் தடுமாறுகிறார். ஏறியிருக்குமோ, இறங்கியிருக்குமோ?

சந்தேகம் வந்தால், அது இறக்கம் என்றே வைத்துக் கொண்டு சர்க்கரை கொடுங்கள். ஏன்? ஏறியிருப்பவருக்கு மூன்று டீஸ்பூன் சர்க்கரையால் அந்த நேரத்தில் பெரிய கேடு வந்துவிடாது. இறங்கியிருப்பவருக்கு அதைக் கொடுக்காவிட்டால், மூளைக்கும் உயிருக்கும் ஆபத்து. கொடுத்தும் 15 நிமிஷத்தில் தெளியவில்லை என்றால், வேறு ஏதோ கோளாறு. பக்கவாதமாகவும் இருக்கலாம். தாமதம் இல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எவ்வளவு குறைத்தால் நல்லது?

"சர்க்கரை குறையக் குறைய நல்லதுதானே?" என்று சிலர் கேட்பார்கள். இரண்டு பெரிய ஆராய்ச்சிகள் இதற்குப் பதில் சொல்லுகின்றன.

ஒன்று, அமெரிக்காவிலும் கனடாவிலும் இன்சுலின் சுரக்காத 1,441 பேரிடம் நடந்தது. முடிவு 1993-ஆம் ஆண்டு வெளிவந்தது. சர்க்கரையைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்தியவர்களில், முன்பு கண் நோய் இல்லாதவர்களுக்குப் புதிதாக அது வரும் அபாயம் 100-க்கு 76 பங்கு குறைந்தது. பெரிய வெற்றி! ஆனால் அதே ஆட்களுக்கு, பிறர் உதவி தேவைப்படும் அளவுக்குச் சர்க்கரை இறங்குவது மூன்று மடங்கு ஆயிற்று.

மற்றொன்று, இரண்டாவது வகை நோயும் இருதய அபாயமும் உள்ள 10,251 பேரிடம் நடந்தது. ஒரு பிரிவினருக்கு, நோய் இல்லாதவருடைய அளவுக்கே சர்க்கரையைக் கொண்டுவர முயன்றார்கள். அந்தப் பிரிவில் 257 பேர் இறந்தார்கள். வழக்கமான வைத்தியம் பெற்ற பிரிவில் 203 பேர். 2008-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அந்தக் கடும் வைத்தியம் நிறுத்தப்பட்டது. இறப்புக்குச் சர்க்கரை இறங்கியதுதான் காரணம் என்று நிரூபணம் ஆகவில்லை. ஆனால் "எல்லோருக்கும் ஒரே எண்" என்ற எண்ணம் அன்றோடு போயிற்று.

இளவயதுக்காரருக்குக் கண்டிப்பு நல்லது. எழுபதைத் தாண்டியவருக்கும், இருதயமோ சிறுநீரகமோ பழுதானவருக்கும் சிறிது தாராளம் நல்லது. "என் அளவு எது?" என்று அவரவர் டாக்டரிடம் கேட்டுத் தெரிந்து கொள்ள வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரின் எண் நமக்கு உதவாது.

இதனால் பயந்துபோய் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். ஏறிய சர்க்கரை கண்ணையும் சிறுநீரகத்தையும் காலையும் பறிக்கும். மருந்தும் வேண்டும், நேரத்துக்குச் சாப்பாடும் வேண்டும்.

வீட்டின் கடமை, நாட்டின் கடமை

வீட்டில் செய்யக் கூடியவை எளியவை. அதிகச் செலவும் இல்லை.

நோயாளியின் சட்டைப் பையிலோ கைப்பையிலோ எப்போதும் கொஞ்சம் குளுக்கோஸ் பொடி இருக்கட்டும். "எனக்குச் சர்க்கரை வியாதி, மயங்கினால் 108-க்குச் சொல்லுங்கள்" என்று எழுதிய ஒரு சீட்டும் இருக்கட்டும். இரவில் கட்டிலருகே சர்க்கரை டப்பா இருக்கட்டும். மாத்திரையின் பெயரை வீட்டிலுள்ள ஒருவராவது படித்துத் தெரிந்து கொள்ளட்டும். எழுதப் படிக்கத் தெரிந்த பேரன் பேத்திகள் இதைச் செய்யலாமே!

விரலில் ஊசி குத்திப் பார்ப்பதற்கு முன்பு கையைக் கழுவித் துடைக்க வேண்டும். பழம் உரித்த கையோடு பார்த்தால், இல்லாத சர்க்கரையைக் கருவி காட்டும்.

பிள்ளைகள் வெளியூரில் இருக்க, தனியாக வாழும் தாய் தந்தையர் இன்று பெருகிவிட்டார்கள். போனில் "மாத்திரை போட்டீர்களா?" என்று மட்டும் கேட்டால் போதாது. "சாப்பிட்டீர்களா?" என்றும் கேட்க வேண்டும். இரண்டாவது கேள்விதான் முக்கியம்.

இன்சுலின் போடும் குழந்தை படிக்கும் பள்ளிக்கூடத்தில், ஆசிரியருக்கு இந்த விஷயம் தெரிந்திருக்க வேண்டும். வகுப்பு நடக்கும்போது அந்தக் குழந்தை எதையாவது எடுத்து வாயில் போட்டுக் கொண்டால், அது குறும்பு அல்ல, வைத்தியம்.

அரசாங்கத்துக்கும் ஒரு கடமை உண்டு. மாத்திரை கொடுப்பவர்கள், "சர்க்கரை எவ்வளவு ஏறியிருக்கிறது?" என்பதோடு, "எப்போதாவது வேர்த்து மயக்கம் வந்ததா?" என்றும் கேட்க வேண்டும். எந்த மாத்திரை சர்க்கரையை இறக்கும் என்பதைப் பெரிய தமிழ் எழுத்தில் மாத்திரைப் பையின் மீது அச்சிட வேண்டும். கோடிக்கணக்கில் மாத்திரை வழங்கும் நாட்டுக்கு, ஒரு வரி எச்சரிக்கையை அச்சிடுவது பெரிய செலவா?

நோயை ஒழிக்க ஆராய்ச்சிகள் நடக்கின்றன. அவை முடியும்போது முடியட்டும். அதுவரை, சர்க்கரை வியாதி உள்ள ஒவ்வொரு வீட்டிலும் எல்லோரும் தெரிந்திருக்க வேண்டியது மூன்று விஷயம்: 70 என்ற எண், மூன்று டீஸ்பூன் சர்க்கரை, 15 நிமிஷம்.

இன்று மத்தியானம் சாப்பிட உட்காரும்போது, இந்த மூன்றையும் வீட்டில் ஒரு முறை சொல்லிப் பாருங்கள். சிறு பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். தாத்தா தடுமாறும் நேரத்தில் பக்கத்தில் இருப்பது அவர்களாகவும் இருக்கலாம்.